தூய்மையும் ஒரு மருந்தே!

சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு டயாலிசிஸ் இயந்திரம் மறுவாழ்வு தருகிறது. வாரம் இருமுறை, மும்முறை உயிர்காக்க வருவோர், அங்கிருந்தே கல்லீரல் நோயைப் பெற்றுச் செல்வது எத்துணைக் கொடுமை!

1969-70-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இவ்வாறு பரவிய ஹெபடைட்டிஸ் நோய் 11 உயிர்களைப் பறித்தது. அவர்களுள் நால்வர் மருத்துவமனைப் பணியாளர்கள்!

ஹெபடைட்டிஸ் 'பி' கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் 7 நாட்கள் உயிரோடிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத துளியே போதும். எனவே ஒருவரைத் தொட்ட கையுறையோடு மற்றவரைத் தொடலாகாது. நாற்காலியையும் இயந்திரத்தையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. 'சி' வகைக்கோ இன்றும் இல்லை. அங்கே தூய்மை ஒன்றே வேலி.

"அடுத்தவர் காத்திருக்கிறாரே, நேரமில்லை" என்பர் சிலர். மிச்சமாகும் பத்து நிமிடம் ஓர் உயிருக்கு ஈடாகுமா? துடைத்து முடிக்குமுன் அடுத்தவரை அமர்த்தக் கூடாது. அதற்கேற்பச் செவிலியரைக் கூட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

'பி' கிருமி உள்ளவர்க்குத் தனி அறையும் தனி இயந்திரமும் வேண்டும். அது நோயைத் தடுக்கவேயன்றி, நோயாளியை ஒதுக்க அன்று. காயப்பட்டவனை நல்ல சமாரியர் விலகிச் செல்லவில்லை. அருகில் சென்றே காயத்திற்கு மருந்திட்டார். நாமும் தூய கரங்களோடு அருகில் செல்வோம்!