ரவுட்டரில் ஹார்டு டிஸ்க் மாட்டப்போறீங்களா? காசை எதில் போடணும் தெரியுமா?

‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்ற மெசேஜைப் பார்க்காத போன் இன்று இருக்குமா என்ன? கூகுள் போட்டோஸ் தனது அளவில்லா இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து இப்போது 15 ஜிபிதான் இலவசம். மாதாமாதம் பணம் கட்ட மனசில்லாத பலரும் தேடிப்போவது, யுஎஸ்பி போர்ட் உள்ள வைஃபை ரவுட்டரை. அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வீட்டிலுள்ள எல்லா போன், லேப்டாப்பிலிருந்தும் ஃபைல்களைப் போடலாம், எடுக்கலாம்.

நல்ல யோசனைதான். நானும் செய்தேன். ஒருநாள் காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனது. திரும்பி வந்தபோது டிஸ்க் திறக்கவே இல்லை. “அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதானேடா இருந்துச்சு?” என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: ரவுட்டரில் மாட்டிய டிஸ்க் வீட்டின் பொது அலமாரி, பீரோ லாக்கர் அல்ல. அதற்கேற்ற மாதிரி செலவு செய்யுங்க.

பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்க

முன்பக்கத்தில் ‘ஏசி1200’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் என்ற இரண்டையும் கூட்டி, முழு எண்ணாக்கிய கணக்கு அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணைந்திருக்கும்.

பார்க்க வேண்டியது போர்ட்டுகளை. லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால், கேபிளில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் போகும். 100 ஜிபி வீடியோவை மாற்ற இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கிகாபிட் போர்ட்டில் வழி பத்து மடங்கு அகலம். நாளைக்குத் தனியாக ஒரு நாஸ் பெட்டி வாங்கினாலும் இது உதவும்.

யுஎஸ்பி 2.0-வின் வேகம் காகிதத்தில் 480 எம்பிபிஎஸ், 3.0-வுக்கு 5 ஜிபிபிஎஸ். 3.0 இருப்பதே நல்லது. ஆனால், ரவுட்டரின் சின்ன பிராசஸர் அந்த முழு வேகத்தைத் தராது. யுஎஸ்பி 3.0 இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சலும் வரலாம். டிஸ்க்கை ஆன்டெனாவிலிருந்து கொஞ்சம் தள்ளிவைத்து, 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்க.

கரன்ட்டும் ஒரு பிரச்சினைதான்

யுஎஸ்பி 2.0 தரத்தின்படி கிடைப்பது 500 மில்லிஆம்பியர், 3.0-வில் 900. இது போதாவிட்டால் டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் பாதுகாப்பானது. மாதாந்திர பராமரிப்பு மின்தடை, மழைக்கால மின்வெட்டு எல்லாம் நமக்குப் புதுசா என்ன? ரவுட்டர், டிஸ்க் இரண்டையுமே இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்க.

வாசலைத் திறந்து வைக்காதீங்க

‘வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்’ என்ற வசதி ஆசை காட்டும். 2021 ஜூனில், இணையத்தோடு இணைந்திருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ டிஸ்க்குகளைத் தாக்கியவர்கள், பலரின் ஃபைல்களைத் தொலைவிலிருந்தே அழித்துவிட்டார்கள். அவசியமில்லை என்றால் அந்த வசதியை அணைத்துவையுங்க. எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய ரவுட்டரும் வேண்டாம். 2017-ல் உலகையே உலுக்கிய வான்னாகிரை பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

அப்போ எதை வாங்கலாம்?

கிகாபிட் போர்ட், யுஎஸ்பி 3.0, தொடர்ந்து அப்டேட் தரும் நிறுவனம் - இந்த மூன்றும் உள்ள நடுத்தர விலை ரவுட்டரே ஒரு வீட்டுக்குத் தாராளம். ஆறு ஆன்டெனா வைத்த விலை உயர்ந்த மாடலுக்குப் போகாமல், மிச்சமாகும் காசில் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்குங்க. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அதில் காப்பி செய்து, கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்க. ரவுட்டர் பழுதானால் வேறு வாங்கிக்கலாம். போட்டோவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அக்கா கல்யாண போட்டோ கடைசியில் கிடைத்தது. போட்டோகிராபர் தன் டிஸ்க்கில் ஒரு காப்பி வைத்திருந்தார். காப்பாற்றியது என் ரவுட்டர் அல்ல, அவருடைய அந்த இரண்டாவது காப்பிதான்.