பல்கனித் தோட்டமும் பருவக் கணக்கும்

கூசேன்வில் தொடருந்து நிலையத்தில் இறங்கி அடுக்குமாடிக் குடியிருப்புகளை நோக்கி நடப்பவர்கள் ஆடி, ஆவணி மாதங்களில் சற்று நிமிர்ந்து பார்த்தால், எமது குடும்பங்கள் எங்கெங்கே வாழ்கின்றன என்பதைக் கதவைத் தட்டாமலேயே அறிந்துகொள்ளலாம். ஒரு பல்கனியில் கயிறு பிடித்துப் பாகற்கொடி ஏறியிருக்கும். இன்னொன்றில் வெறுமையான எண்ணெய் வாளிகளில் மிளகாய் சிவந்து நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைக் கன்று வெளியே வர நேரம் பார்த்துக் காத்திருக்கும்.

"லாச்சப்பலில் எல்லாம் வாங்கலாமே, இந்த வீண் வேலை எதற்கு?" என்று இளையவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தொடருந்தில் ஏறிக் கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் முருங்கைக்காய் முதல் வல்லாரை வரை கிடைக்கின்றது. அவற்றுட் பல, எமது தலைக்கு மேலாகப் பறந்து அருகிலுள்ள றுவாசி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களில் வருபவையே. அந்த விமான நிலையம் 1974இல் திறக்கப்பட்ட பின்னர், இரைச்சல் தாங்காது பழைய கூசேன்வில் கிராமத்து மக்கள் வீடுகளைக் கைவிட்டு வெளியேறினர் என்பது இவ்வூரின் வரலாறு. விமானத்தில் வந்த கறிவேப்பிலையை வாங்கி உண்பதில் குற்றமில்லை. ஆனால் ஆறாம் மாடியில் நாள் முழுவதும் தனித்திருக்கும் ஒரு தாய்க்கு, காலையில் எழுந்து பார்ப்பதற்குப் பூத்த செடி ஒன்று இருப்பதன் பெறுமதியைக் கடைத்தெருவில் வாங்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் சொல்வோம்.

ஏன் சாடி?

கீழே புல்வெளி இருக்கச் சாடி எதற்கு என்று சிலர் எண்ணலாம். இப்பகுதியின் வண்டல் மண் கோதுமையும் பீற்றும் விளையும் வளமான மண்தான். ஆயினும் குடியிருப்பைச் சுற்றியுள்ள நிலத்தில் முன்பு என்ன கொட்டப்பட்டது என்பதை நாம் அறியோம். எமது வல் துவாஸ் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. பியர்லே, பெசான்கூர் சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பாரிசின் கழிவுநீரைப் பாய்ச்சி மரக்கறி பயிரிட்டார்கள். நூறு ஆண்டுகளில் அம்மண்ணில் ஈயமும் கட்மியமும் சேர்ந்துவிட்டன. 1999, 2000 காலப்பகுதியில் அங்கு மரக்கறிச் செய்கை தடைசெய்யப்பட்டது. இப்போது அந்நிலத்தில் காடு வளர்க்கின்றார்கள். எனவே மண் பரிசோதிக்கப்படாத இடத்தில் கீரை விதைப்பதைவிட, பையில் வாங்கிய மண்ணை நிரப்பிய சாடி நம்பிக்கைக்குரியது.

சாடியின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். மிளகாய்க்குப் பத்து லீற்றர், கத்தரிக்கும் தக்காளிக்கும் இருபது லீற்றர் மண் தேவை. கீரைக்கு ஆழம் குறைந்த நீண்ட தொட்டி போதும். அடியில் துளைகள் இருத்தல் அவசியம். அரிசிப் பைகளில் நடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அப்பைகள் வெயிலில் ஒரு பருவத்துக்குள் உக்கி, பிளாஸ்ரிக் துகள்களாக மண்ணில் கலந்துவிடும். உணவு வந்த வாளிகளே மேல்.

பாரத்தையும் மறக்கலாகாது. நீர் ஊறிய இருபது லீற்றர்ச் சாடி ஏறக்குறைய 25 கிலோ நிறை கொள்ளும். புதிய கட்டடங்களில் பல்கனி பொதுவாகச் சதுர மீற்றருக்கு 350 கிலோ தாங்கும் வகையில் கணிக்கப்படுகின்றது. பழைய கட்டடங்களில் அப்படி எண்ணிவிடக் கூடாது. பாரமான சாடிகளைச் சுவரோரம் வையுங்கள். கம்பிக்கு வெளியே எதனையும் தொங்கவிடாதீர்கள். அடியில் தட்டு வையுங்கள். கீழ்வீட்டுக்காரர் உலரப் போட்ட துணியில் எமது சாடி நீர் வடிந்து, நாம் படியிறங்கிப் போய் மன்னிப்புக் கேட்ட அனுபவம் எமக்கு உண்டு.

ஒளியின் கணக்கு

ஊரில் நாம் மழையைப் பார்த்துப் பயிர் செய்தோம். இங்கே ஒளியைப் பார்த்துச் செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். பாரிசிலோ மார்கழியில் எட்டேகால் மணித்தியாலம், ஆனியில் பதினாறு மணித்தியாலம். இந்த வேறுபாட்டைச் செடிகள் நன்கு அறியும். ஊரிலிருந்து வந்த அவரை, சிறகவரை போன்றவற்றின் பல வகைகள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆகவே கோடை முழுவதும் இலை விட்டுப் புரட்டாதியில் பூத்து, காய்க்குமுன் குளிரில் கருகிவிடும். கொத்தமல்லியோ இதற்கு எதிர். நீண்ட பகலைக் கண்டால் இலை விடாது பூக்கப் போய்விடும். அதனைப் பங்குனியிலும் ஆவணி இறுதியிலும் விதைப்பதே புத்தி. முளைக்கீரைக்கு நீண்ட கோடை மிகவும் உகந்தது. வெந்தயக்கீரை நான்கைந்து கிழமைகளில் கைக்கு வரும்.

மிளகாயும் கத்தரியும் இங்குள்ள கோடைக்குள் காய்க்க வேண்டுமெனில் மாசி நடுவிலிருந்து பங்குனி நடுவுக்குள் வீட்டினுள்ளே நாற்றுப் போட வேண்டும். முளைப்பதற்கு 25 பாகைக்கு மேல் வெப்பம் தேவை என்பதால் யோகட் கிண்ணங்களை வெப்பமூட்டியின் அருகே வைக்கலாம். முளை தெரிந்ததும் உடனே ஒளி மிகுந்த யன்னலுக்கு மாற்றுங்கள். சூடு கூடி ஒளி குறைந்தால் நாற்று வெளிறி நெடுத்து, ஒடிந்து விழும்.

சித்திரையில் ஒரு கிழமை வெயில் எறித்தவுடன் நாற்றுகளை வெளியே வைத்துவிடுவதுதான் எம்மவர் பலர் செய்யும் தவறு. நாமும் செய்தோம். ஒரே இரவில் முப்பது மிளகாய்க் கன்றுகள் அவித்த கீரைபோற் சாய்ந்து கிடந்தன. 2021ஆம் ஆண்டில் வெதுவெதுப்பான பங்குனியைத் தொடர்ந்து சித்திரை முதல் வாரங்களில் விழுந்த உறைபனி, பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களையும் பழத்தோட்டங்களையுமே அழித்தது. தலைமுறைகளாகத் தோட்டம் செய்பவர்களுக்கே அந்த நிலை என்றால், பல்கனிக்காரர் எம்மாத்திரம்? பிரெஞ்சு விவசாயிகள் வைகாசி 11, 12, 13ஆம் நாள்களைப் 'பனிப் புனிதர்கள்' என்று அழைப்பார்கள். மாமேர், பங்கிராஸ், செர்வே ஆகிய மூன்று புனிதர்களின் நாள்கள் கழியும் வரை மென்மையான செடிகளை வெளியே விடமாட்டார்கள். எமது முன்னோரின் பட்டக் கணக்கைப் போன்றதே இது. அந்நாள்களுக்குப் பின்னரும் ஒரு கிழமை பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிய பிறகே நிரந்தரமாக வையுங்கள்.

கோடையும் குளிரும்

2019 ஆடி 25ஆம் நாள் பாரிசில் வெப்பம் 42.6 பாகையைத் தொட்டது. அத்தகைய நாள்களில் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியினுள் வேர் வெந்துவிடும். சாடியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுங்கள். மண்ணின் மேல் காய்ந்த புல்லோ சருகோ பரப்புங்கள். அதிகாலையில் அல்லது மாலையில் வேருக்கு நீர் ஊற்றுங்கள். தக்காளி இலையை நனைக்காதீர்கள். நனைந்த இலையில்தான் மில்தியு என்னும் கருகல் நோய் பற்றும்.

உயர்ந்த மாடிகளுக்குத் தேனீக்கள் குறைவாகவே வரும். தக்காளி, மிளகாய், கத்தரிச் செடிகளைப் பூக்கும் காலத்தில் மெல்ல உலுப்பிவிட்டாற் போதும். பாகலுக்கோ காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவிற் தொட வேண்டும். பிஞ்சு போன்ற சிறு புடைப்பு அடியில் இருப்பதே பெண் பூ. பிள்ளைகளுக்குக் காட்டினால் ஆர்வத்துடன் செய்வார்கள்.

பூச்சிமருந்து தேடி அலைய வேண்டாம். 2019 தை முதலாம் நாளிலிருந்து பிரான்சில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் செயற்கை இரசாயனப் பூச்சிகொல்லிகளை விற்பதும், அவர்கள் அவற்றைப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. இலையின் அடிப்பக்கத்தை நீரால் அடித்துக் கழுவுவதே பாதி மருந்து. பசளைக்கும் வழி உண்டு. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் யூரியா இல்லாத யாழ்ப்பாணத்தில் சாணமும் பூவரசங்குழையும் சமையற் கழிவும் தோட்டங்களைக் காத்தன. இங்கும் 2024 தை முதல் உணவுக் கழிவைப் பிரித்தெடுப்பது சட்டமாகியுள்ளது. மண்புழுப் பெட்டி ஒன்று இருந்தால் மரக்கறித் தோலே பசளையாகும்.

இரவு வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிடுங்கள். மாரியில் அது இலை உதிர்த்து வெறுந்தடியாக நிற்கும். இறந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தாற் சுரண்டிப் பாருங்கள்; பச்சை தெரிந்தால் உயிர் இருக்கின்றது. நீரைக் குறைத்து ஒளியருகே வைத்தால் இலைதளிர்காலத்தில் துளிர்க்கும். மிளகாய்ச் செடியையும் கவ்வாத்துச் செய்து உள்ளே வைத்தால் அடுத்த ஆண்டு முன்னதாகவே காய்க்கும். வெறுமையான சாடிகளில் ஐப்பசி, கார்த்திகையில் உள்ளிப் பல்லை ஊன்றிவிட்டால் மாரி முழுவதும் பச்சைத்தாள் கிள்ளலாம்.

விதை

தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த காரணம் இதுதான். முன்பெல்லாம் ஊருக்குப் போய் வருபவர்கள் சேலை மடிப்புக்குள் ஒரு பிடி விதை கொண்டுவருவார்கள். 2019 மார்கழி 14ஆம் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து, பயணிகளின் கைப்பொதியிலாயினும், நடுவதற்கான விதையும் செடியும் கொண்டுவரப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். இதனைத் தொல்லை என்று மட்டும் கருதலாகாது. கறிவேப்பிலை தோடைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும். ஒரு கன்றோடு ஒரு நாட்டின் தோட்டங்களுக்கே கேடு வரக்கூடும்.

ஆகவே இருபது, முப்பது ஆண்டுகளாக எமது பல்கனிகளில் தலைமுறை தலைமுறையாக முளைத்துவரும் விதைகள்தான் இனி எமக்குக் கையிருப்பு. அவற்றை எடுக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எமது தாய்மார். எந்தச் செடியில் எடுப்பது, எத்தனையாம் காயை விடுவது என்பதெல்லாம் அவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கின்றதே தவிர எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அண்மையில் இறுதிக் கிரியை நிகழ்ந்த ஒரு வீட்டில், அலுமாரிக்குள் பதினொரு சிறு போத்தல்களில் விதைகள் இருந்தன. எது எது என்று சொல்ல அங்கு ஒருவரும் இல்லை.

செய்ய வேண்டியது சிறிய காரியமே. நல்ல செடியில் முற்றிப் பழுத்த மிளகாயை, முற்றி மஞ்சளாகிய கத்தரியை விதைக்கு விடுங்கள். வெவ்வேறு மிளகாய் வகைகள் அருகருகே பூத்தால் கலந்துவிடும். அவற்றை விலக்கி வையுங்கள். விதையை நிழலில் உலர்த்திக் கடித உறையில் இட்டு, பெயர், எடுத்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து வந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எழுதும் வேலையைப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். ஆவணியில் லாச்சப்பல் வீதிகளில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஓடும் காலமும் மிளகாய் பழுக்கும் காலமும் ஒன்றே. அன்று சந்திக்கும் உறவினருக்கு ஓர் உறை கொடுங்கள். அவரிடமிருந்தும் ஓர் உறை வாங்குங்கள். ஒரு வீட்டில் பட்டுப்போனது இன்னொரு வீட்டில் முளைக்கும்.

இந்தக் கிழமை உங்கள் வீட்டு மூத்தவரிடம் போத்தல்களை எடுத்துத் தரச் சொல்லி, ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். நாற்றுப் போடுவதைப் பிறகு பார்க்கலாம்.