பல்பு எரிந்தால் போதுமா?



இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் கை வைப்பது இன்வர்ட்டரில்தான். மணிமுத்தாறு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் நியாயமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி, ஊர் ஊராகக் கரண்ட் போனதை யார் மறப்பார்? வெளிச்சம் இல்லாவிட்டால் எங்கம்மா மாதிரி ராத்திரி பீடி சுற்றுகிறவங்களுக்குக் கூலி குறையும். எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எனக்கு இன்வர்ட்டர் வெறும் மார்க்குச் சாமான் இல்லை.

ஆனால் நாம் எழுதும் புரோகிராமைப் பாருங்கள். ஒரு பின் ஆன், 10 மில்லி செகண்ட் டிலே, ஆஃப். அடுத்த பின் ஆன், மறுபடி டிலே. 50 ஹெர்ட்ஸ் வந்துவிட்டதாம்! அதிலேயே பேட்டரி வோல்டேஜ் காட்ட எல்.சி.டி. சேர்த்தால், திரையை அழிக்கவே சுமார் 2 மில்லி செகண்ட் போகும். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 12. இந்தக் கோணல் அலையில் டிரான்ஸ்பார்மர் கோர் சாச்சுரேட் ஆகி கரண்ட் எகிறும். புரோகிராம் நடுவில் நின்றாலோ ஒரு மாஸ்பெட் ஆனிலேயே கிடக்கும். புகை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இந்த வேலையை டைமரிடம் விடணும் என்பதே என் கட்சி. அர்டுயினோ ஊனோவில் உள்ள ஏ.டி.மெகா 328பி சிப்பின் டைமர் 1-ஐ எடுப்போம். 16 மெகாஹெர்ட்ஸை 8-ஆல் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு அரை மைக்ரோ செகண்ட். ஃபேஸ் கரெக்ட் முறையில் 0-விலிருந்து 20000 வரை ஏறி இறங்கினால் சரியாக 20 மில்லி செகண்ட். எண்ணிக்கை 6667-க்குக் கீழே இருந்தால் முதல் பின், 13333-க்கு மேலே போனால் இரண்டாவது பின். நடுவில் 3.33 மில்லி செகண்ட் ரெண்டுமே ஆஃப். மூன்றாவது ஹார்மோனிக்கும் இதிலேயே ஒழியும். மெயின் புரோகிராம் தூங்கினாலும் டைமர் தூங்காது. (ரீசெட் நேரத்தில் பின்கள் அந்தரத்தில் தொங்கும், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுடுங்க.)

"ரெடிமேட் போர்டு கடையில் கிடைக்குல, எதுக்கு இவ்வளவு பாடு?" என்பீர்கள். கிடைக்கும். வைவாவில் பாஸும் ஆகலாம். ஆனால் பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் நின்னுபோனா, டிப்ளமோ படிக்கிற பிள்ளை என்று நம்மைத்தானே கூப்பிடுவாங்க? மூடியைக் கழற்றி, எந்த கேட்டில் பல்ஸ் வரலைன்னு அன்றைக்குச் சொல்லத் தெரியணும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைவாவில் இரண்டு கேட் பல்ஸையும் ஆஸிலோஸ்கோப்பில் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள். பல்பு எரிந்ததற்கு மட்டும் மார்க் போடாதீர்கள்.