கயித்த யாரு பிடிக்கா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாவலா என்று யாராவது இழுத்தால் நான் கோவில்பட்டிப் பக்கம் கையைக் காட்டுவேன். 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்துச் சின்னவர்களுக்காக எழுதப்பட்ட நாவல். எழுதிய உதயசங்கர் நம் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டிக்காரர். 2020-ல் அதே விருதைப் பெற்ற பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவல்தான், 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வும் நாவல்தான். எழுத ஆள் இருக்கிறது. புத்தகம் வகுப்பறைக்குள் வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நமக்குக் கை ஓடுவதில்லை.

தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கதை முடிந்த கையோடு, “இதிலிருந்து என்ன நீதி தெரியுது?” இந்த ஆட்டத்தின் விதியைப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலேயே பிடித்துவிடுகிறார்கள். எந்தக் கதையாக இருந்தாலும் ‘ஒற்றுமையே பலம்’ அல்லது ‘பொய் சொல்லக் கூடாது’. இரண்டில் ஒன்றைச் சொன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் நல்ல காரியம். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அவை ஒரே மூச்சில் முடிந்துவிடும். நாவல் அப்படி முடியாது. இன்றைக்கு ஒரு அத்தியாயத்தோடு நிறுத்தினால், மிச்சம் பிள்ளையோடு வீட்டுக்குப் போகும். ஆச்சியிடம் அதைச் சொல்லி, ஆச்சி சொன்னதையும் சேர்த்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடம் வரும்.

தூத்துக்குடி திரேஸ்புரம் பக்கம் ஒரு பள்ளியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் நாவல் வாசிக்கிறார். இருப்பது ஒரே பிரதி, அதுவும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நாவல், 1870-ல் பிரெஞ்சில் வந்தது. கரடுமுரடான இடங்களைத் தாண்டிவிட்டு, தன் பேச்சில் சொல்லிக்கொண்டே போனார். அன்றைய அத்தியாயத்தில் அந்தக் கப்பலின் கேப்டன் நேமோ விருந்தாளிகளை மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி கிடக்கும் பாருக்குக் கூட்டிப்போகிறார். இலங்கைப் பக்கத்துப் பார்தான், ஆனால் கடல் இந்தப் பிள்ளைகளுடையது.

ஏழைக் குளியாள் ஒருவன் தோணியில் தனியாக வருகிறான். காலில் கல்லை இடுக்கிக்கொண்டு இறங்குகிறான், சிப்பியை அள்ளிக்கொண்டு ஏறுகிறான், மறுபடி இறங்குகிறான். அடுத்து சுறா வர வேண்டும். டீச்சரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குள் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்துவிட்டான்.

“டீச்சர், கயித்த யாரு பிடிக்கா?”

டீச்சர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். “யாரும் இல்லடா. தனியாத்தான் வந்திருக்கான்.”

“அப்படில்லாம் போவ மாட்டாவ டீச்சர். மச்சான் வேணும்லா?”

வகுப்பில் பாதித் தலைகள் ஆடின. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: குளியாள் அடியில் இருக்கும்போது அவன் உயிர், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். ஆகவே அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்பது இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லிவருவது. தங்கச்சி தாலியை நினைத்தாவது கண் அசராமல் இருப்பானே!

இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள், அது வேறு கதை. பையனின் தாத்தா சங்கு குளித்தவராம். வீட்டுத் திண்ணையில் கேட்டதை வைத்து அவன் பிரெஞ்சுக்காரரை மடக்கிவிட்டான். வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுகிறவன் அவன் என்று டீச்சர் பிறகு சொன்னார். வாசிப்புத் தேர்வில் அவன் எப்போதும் கடைசிப் படிதான். அன்றைக்கு அந்த அத்தியாயத்தை அவன் அளவுக்கு உன்னிப்பாகக் கேட்டவர் அந்த அறையில் இல்லை, நான் உட்பட. “இதைக் கற்றல் விளைவுப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் போட?” என்று டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தில் எய்டன் சேம்பர்ஸ் என்று ஒருவர், வாத்தியாராக இருந்து நாவலாசிரியர் ஆனவர். பிள்ளைகளிடம் புத்தகம் பற்றிப் பேசும்போது ‘ஏன்?’ என்று குடையாதீர்கள், ‘சொல்லு’ என்று விட்டுவிடுங்கள் என்று சொல்லிவந்தார். பிடித்தது, பிடிக்காதது, புரியாதது, ஒன்றோடொன்று தொடர்புபட்டு வருவது, இவ்வளவு கேட்டால் போதும். 1993-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அதைப் படிக்காமலே நம் டீச்சர் அதைத்தான் செய்தார். பையனை உட்காரச் சொல்லவில்லை. “சொல்லுடா, பிறகு?” என்றார்.

எனக்கு உறுத்தியது வேறு. இந்தக் கடலைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட, 1870-ன் பிரெஞ்சு நாவலைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2013-ல் சாகித்திய அகாடமி விருது பெற்றது, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், பெரியவர்களுக்கானது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலும் அப்படித்தான். பார், சிப்பி, சங்கு, மாலத்தீவுக்குப் போகும் தோணி என்று இவ்வளவு இருந்தும் சின்னவர்களுக்கென்று ஒரு முத்துக்கரை நாவல் என் கண்ணில் பட்டதில்லை. இடைசெவல் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் தன் பெயர் எழுதின டைரிக்கு ஏங்கும் சாரங்கன் இருக்கிறானே, இந்தப் பிள்ளைகளின் கணக்கும் அவன் கணக்குத்தான்: தங்களுக்கென்றே எழுதின ஒரு புத்தகம்.

அத்தியாயம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர். அநேகமாக எல்லா நோட்டிலும் தோணியில் ஒரு மச்சான் ஏறிவிட்டான். கதையில் நேமோ கடைசியில் குளியாளுக்கு ஒரு பை முத்து கொடுப்பார். மச்சானுக்கு அதில் எத்தனை பங்கு என்று சண்டை தொடங்கியது. பாதி என்றது ஒரு கூட்டம், தோணிக்கும் பங்கு உண்டு என்றது இன்னொன்று. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று டீச்சர் வாயைக் கொடுத்துவிட்டார். “நேமோ குடுத்தது சிப்பி இல்லயே டீச்சர், முத்துல்லா? அதுக்கு எதுக்கு சர்க்காருக்குப் பங்கு?” என்று முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

மறுநாள் அத்தியாயம் செங்கடல். பங்குக் கணக்கு தீராமல் வகுப்பு அங்கே வர மாட்டேன் என்கிறது என்று டீச்சர் போனில் சொன்னார்.