ஆமைக்கு வேண்டிய இருள்

திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. ஆரணியை அடுத்த சேவூரில் பட்டுத்தறியின் ஓசை கேட்கும், அலையோசை கேட்பதில்லை. ஆயினும், அவ்வூரார்க்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு. பள்ளிச் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், காணும் பொங்கல் என்றால் மெரினா என்பது உள்நாட்டு ஊர்கள் பலவற்றின் வழக்கம். எனவே, கடற்கரையைக் காக்கும் பொறுப்பைக் கரையில் வாழும் மீனவரிடம் மட்டும் விட்டுவிடுதல் முறையன்று.

மக்கள் பெருந்திரளாகக் கரைக்கு வரும் தை மாதத்தில்தான் மற்றொரு விருந்தினரும் வரத் தொடங்குகின்றனர். பங்குனி வரையிலும் அதற்குச் சற்றுப் பின்னும் சோழமண்டலக் கடற்கரையில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. ஆலிவ் ரிட்லி எனப்படும் அவ்வினத்திற்குப் பங்குனி ஆமை என்றே தமிழில் பெயர் வழங்குகிறது. இரவில் கரையேறும் பெண் ஆமை, பின்துடுப்புகளால் மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இடுகிறது. மணலை மூடித் தன் உடலால் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவற்றுக்கு வழிகாட்டத் தாய் இல்லை, ஒளியே வழிகாட்டி. நிலவொளியையும் விண்மீன் ஒளியையும் ஏந்திய கடல், இருண்ட கரையைவிட வெளிச்சமாகத் தோன்றும். அவ்வெளிச்சத்தை நோக்கி நடப்பதே குஞ்சுகளின் இயல்பு.

சாலை விளக்குகளும் விடுதி விளக்குகளும் அவ்வியல்பையே அவற்றுக்குப் பகையாக்கிவிட்டன. கடலுக்குச் செல்ல வேண்டிய குஞ்சுகள் ஊரை நோக்கி நகர்கின்றன. நாய்க்கும் காகத்திற்கும் இரையாகின்றன. சாலையில் வண்டிகளால் நசுங்குகின்றன. விடிந்தபின் வெயிலில் காய்கின்றன.

சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பருவந்தோறும் இரவில் நெடுந்தொலைவு நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து வருகின்றனர். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. உறக்கத்தைத் துறந்து மாணவர் செய்துவரும் இத்தொண்டு போற்றத்தக்கது. எனினும், பொரிப்பகம் நிலையான தீர்வு ஆகாது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. முட்டையை இடம் மாற்றுவது அத்துணை எளிய செயலன்று. இட்ட இடத்திலேயே முட்டை பொரிக்கத் தக்க கரை இருந்தால் அந்த நடைக்கே தேவை இராது.

2025 சனவரியில் சென்னையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, இழுவை வலையில் சிக்கினால் நீர்மட்டத்திற்கு வர இயலாமல் மூச்சுமுட்டி இறக்கும். கரையோரக் கடலில் இழுவைப் படகுகளுக்கு உள்ள தடை உறுதியாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பழி முழுவதையும் படகின்மேல் ஏற்றிவிட்டு, கரைக்கு விளக்கிட்டவர்கள் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. ஆமை விலக்குக் கருவியை வலையில் பொருத்தினால் மீனும் சிறிது தப்பிவிடும் என்பது மீனவரின் கவலை. பிழைப்பில் ஒரு பங்கை இழக்குமாறு அவரைக் கேட்கும் சமூகம், இன்பம் துய்க்க வருபவரிடம் எதையுமே கேட்பதில்லை.

விளக்கை அணைத்தால் சுண்டலும் பஜ்ஜியும் விற்பவர் என்ன செய்வார், பெண்கள் எவ்வாறு அச்சமின்றி நடப்பர் என்னும் வினாக்கள் எழுகின்றன. அவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. கரை முழுவதும் இருளாக வேண்டியதில்லை. விளக்குகளுக்கு மறைப்பிட்டு ஒளியைச் சாலைப்பக்கம் திருப்பலாம். உயர்ந்த கம்ப விளக்குகளுக்கு மாற்றாகத் தாழ்ந்த மஞ்சள் விளக்குகளை அமைக்கலாம். இரவு 10 மணிக்குமேல், கடைகள் மூடிய பின்னர், நீரோர மணற்பரப்பை மட்டும் நான்கு மாதங்கள் இருளில் விடலாம். கடற்கரை விடுதிகளுக்கு இதனை உரிம நிபந்தனையாகவே விதிக்கலாம். அதனால் எவருடைய அடுப்பும் அணைந்துவிடாது.

குஞ்சுகளைக் கடலில் விடும் காட்சியைக் காணப் பொதுமக்களும் இப்போது வருகின்றனர். இது வரவேற்கத்தக்க சுற்றுலாவே; ஆனால், ஒவ்வொரு கையிலும் கைபேசி விளக்கு எரிந்தால் கடல் எது, கூட்டம் எது என்று குஞ்சுக்குத் தெரியாது. உள்நாட்டுப் பள்ளிகள் தை, மாசியில் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது, பேருந்திலிருந்து இறங்குமுன் சொல்ல வேண்டியவை மூன்றே: குஞ்சைத் தொடாதீர், விளக்கை ஏற்றாதீர், கொண்டுவந்த பொட்டலத்தைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.