ஒபாமாவை ஏன் ஆதரித்தோம்?

1989 முதல் 2009 வரை அமெரிக்க அதிபர் நாற்காலி புஷ், கிளின்டன் குடும்பங்களை விட்டு நகரவில்லை. 2008இல் ஹில்லாரி வந்திருந்தால் அது மேலும் நீண்டிருக்கும். பெண் ஒருவர் அதிபராவது வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றினால் சேரிக்கு என்ன மிஞ்சும் என்பதை நாம் அறிவோம்.

தீண்டத்தகாதோர் நிலையும் அமெரிக்கக் கறுப்பர் நிலையும் ஒன்றுபோல் இருப்பதை 1946இல் டுபாய்சுக்கு எழுதிய கடிதத்தில் அண்ணல் அம்பேத்கர் சுட்டினார். எழுத்தறிவுத் தேர்வு வைத்து அம்மக்களின் ஓட்டைப் பறித்த தெற்கு கரோலினாவில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில், 2008 ஜனவரி 26 அன்று ஒபாமா 55 விழுக்காடு வாக்குகள் பெற்றார். நமக்கு அது குடியரசு நாள்.

ஒபாமா மீட்பர் அல்லர். வென்றபின் கேள்வி கேட்கும் உரிமையோடுதான் ஆதரித்தோம்.