காற்று அடிக்கிறது, ஆங்கிலம் தடுக்கிறது

பெங்களூரின் வைட்ஃபீல்டை ‘வெண்வயல்’ என்று தமிழாக்கினால் எவரும் நகைப்பர். 1882இல் அங்கே ஆங்கிலோ-இந்தியர் குடியேற்றத்தை நிறுவிய டி. எஸ். வைட்டின் பெயர் அது. பிரெஞ்சுக் கலைப்படைப்புகளின் தலைப்புகளுக்குத் தமிழாய்வுலகம் இதையே செய்யும்போது மட்டும் யாரும் நகைப்பதில்லை.

கொரோ 1871இல் வரைந்த நிலக்காட்சிக் கல்லச்சுப் படம் ஒன்றன் பெயர் ‘கூ த வான்’. ஆங்கிலத்தார் அதை ‘கஸ்ட் ஆஃப் விண்ட்’ என்பர். அதிலிருந்து பெயர்த்தால் ‘காற்றின் வீச்சு’ கிடைக்கும். பிழையன்று; ஆனால் மூலத்தைத் தொடவுமில்லை. ‘கூ’ என்றால் அடி. ‘வான்’ என்றால் காற்று (நம் வான் அன்று). தமிழிலும் காற்று அடிக்கத்தானே செய்கிறது! வெயிலும் அடிக்கிறது, பிரெஞ்சிலும் வெயில் தாக்கினால் ‘கூ த சொலேய்’. மேலும், பிரெஞ்சுக் கடல்வானிலை அறிவிப்பில் ‘கூ த வான்’ என்பது போஃபோர்ட் அளவையின் 8ஆம் நிலை, மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகத்தில் நீடிக்கும் கடுங்காற்று. நொடியில் வந்து மறையும் வீச்சும் நீடிக்கும் காற்றும் ஒரே சொல்லில் அடங்க, ஆங்கிலம் முன்னதை மட்டும் தேர்ந்து தருகிறது.

‘அடி’ தேய்ந்த வினை, வாசனைகூட அடிக்கிறதே என்று மறுப்போர் உண்டு. ‘கூ’வும் தேய்ந்ததுதான், பிரெஞ்சில் பார்வைக்கும் தொலைபேசி அழைப்புக்கும்கூட அது வரும். மறுமுனையில், தமிழ்மை வேண்டி ‘வாடை’ என்று பெயரிடத் துடிப்போர். வாடை வடக்கிலிருந்து வருவது. கொரோவின் தலைப்பில் திசையே இல்லை.

கொரோ கல்லின்மீது நேரே வரையவில்லை. தாளில் வரைந்ததைக் கல்லுக்கு மாற்றினர். கல்லில் ஒருமுறை, அச்சில் மறுமுறை இடவலம் மாறி, படம் வரைந்தபடியே வந்துவிடும். மொழியில் அந்த வசதி இல்லை. இருமுறை மாறிய சொல் திரும்பி வராது. இணைத்தரவு குறைந்த மொழிகளுக்கிடையே இயந்திரமும் ஆங்கிலத்தை இடைமொழியாக்குவதுண்டு; வைட்ஃபீல்டின் மென்பொருள் வளாகங்களில் அதைத் தரவுப் பற்றாக்குறைக்கான சமாளிப்பு என்றே கொள்வர். தமிழ்த் துறைகளில் அது ஆய்வுநெறியாகிவிட்டது.

அந்தப் பற்றாக்குறையும் நமக்கில்லை. முசே, துப்புய் இருவரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி புதுச்சேரியில் 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக அச்சேறியது, கொரோ இப்படத்தை வரைவதற்கு முன்பே. ஆய்வேட்டின் நெறியாளர்கள் இனியேனும் ஒன்று கேட்கட்டும்: பிரெஞ்சுப் படைப்பின் பிரெஞ்சுப் பெயர் எங்கே?